இரட்டைக் காபரேற்றரை ஒற்றையாக்குதல்: வன்னியில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு

பழைய இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளை வன்னியில் ஓடவைக்கிற ஆளுக்குத் தலையிடி அநேகமாக ஒரே இடத்திலிருந்துதான் வரும்: பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற இரண்டு காபரேற்றர். காலையில் இரண்டையும் ஒத்துப்போக வைத்தால் பின்னேரம் ஒன்று விலகி நிற்கும். டயபிராம் ரப்பர் கிழிந்தால் பாட்ஸ் கடையில் உதட்டைப் பிதுக்குவார்கள். என்னுடைய வண்டி யமஹா எக்ஸ்எஸ் 650. அதை ஒற்றைக் காபரேற்றருக்கு மாற்றுவதற்குள் அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, அடுத்தவர் அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த மாற்றத்தால் வேகம் கூடாது. மேல் வேகத்தில் இழுவை கொஞ்சம் குறையும். பெற்றோலும் சொல்லும்படி மிஞ்சாது. மிஞ்சும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் உங்களுக்கு ஏதோ விற்கப் பார்க்கிறார். கிடைப்பது நிம்மதி: மாங்குளத்தில் நின்றாலும் ஒட்டுசுட்டானில் நின்றாலும் அங்கே இருக்கிற மெக்கானிக் பயப்படாமல் கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு சாமான். யுத்த நேரம் பெற்றோல் தடை இருந்த காலத்தில் வண்டியைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. காபரேற்றர் எங்கட ஆட்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் அந்தக் கை பழகியது ஒற்றைக் காபரேற்றரில்.

1. முதலில் புத்தகம், பிறகு சாவி

வேலையில் இறங்கமுன் சீஆர் புத்தகத்தை (வாகனப் பதிவுப் புத்தகம்) எடுத்து, எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எக்ஸ்எஸ் 650 தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது இரண்டு இலக்கமும் ஒன்றாகவே இருக்கும். பல 447 என்று தொடங்கும். எஞ்சினில் ஒன்று, சேசியில் ஒன்று என்றிருந்தால், புத்தகத்தில் எது பதிந்திருக்கிறது என்று பாருங்கள். இலக்கம் பிழைத்த வண்டியில் ஒரு லட்சத்தைக் கொட்டிவிட்டு, பிறகு விற்கவும் ஏலாமல் லைசென்ஸ் எடுக்கவும் ஏலாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இடம்பெயர்வில் புத்தகம் தொலைந்த வண்டி, எஞ்சின் மாறிய வண்டி, நாலு கை மாறியும் முதல் உரிமையாளரின் பெயரிலேயே கிடக்கிற வண்டி எல்லாம் வன்னியில் தாராளம். "ஓப்பின் பேப்பர் இருக்குது அண்ணை, ஆறுதலா மாத்தலாம்" என்று, வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் படிவத்தைக் காட்டி விற்பார்கள். ஆறுதலாக மாற்றுவதற்குள், கையெழுத்து வைத்த ஆள் கனடாவிலோ சுடலையிலோ இருப்பார். புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை எடுத்துக்கொண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் ஆள் பதிவில் உள்ள உரிமையாளர் என்பதால், பெயர் மாற்றம் முடியாத வண்டியில் இந்த ஒரு வேலையே மாதக்கணக்கில் இழுக்கும். எஞ்சினில் கைவைக்கமுன் இதை முடியுங்கள்.

காபரேற்றரை மாற்றுவதால் புத்தகத்தில் எதுவும் மாறாது. எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம், எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள் வகை நாலும் அப்படியே இருக்கும். எத்தனை காபரேற்றர் என்று கேட்கிற கட்டம் அதில் இல்லை. "எஞ்சின் மாத்தினதா பதியவேணும், அதுக்குத் தனிக் காசு" என்று எந்தத் தரகராவது சொன்னால் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2. உங்கள் எஞ்சின் இதற்குச் சரிப்படுமா?

எல்லா இரட்டைச் சிலிண்டரும் இதற்கு ஒத்துவராது. பார்க்கவேண்டியது பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது 360 பாகைக் கிராங். ஒன்று ஏற மற்றது இறங்கினால் 180 பாகை.

எஞ்சினைப் பிரிக்காமலே இதைப் பார்க்கலாம். கியரை நியூட்ரலில் போட்டு, இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். குளிர்பானக் கடையில் கிடைக்கிற நீளமான பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ இரண்டை எடுத்து, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒன்று பிஸ்டனின் தலையில் முட்டும்வரை விடுங்கள். இப்போது கிக்கைக் காலால் உதைக்காமல், கையால் மெல்ல மெல்ல அமத்துங்கள். இரண்டு ஸ்ட்ரோவும் சோடியாக எழும்பி சோடியாக இறங்கினால் சந்தோசப்படுங்கள். ஒன்று எழும்ப மற்றது அமிழ்ந்தால் இந்த வேலையை மறந்துவிடுங்கள். ஸ்ட்ரோவுக்குப் பதிலாக ஸ்குரூட்ரைவரையோ கம்பியையோ விடவேண்டாம். சாய்ந்த ஓட்டையில் அது இறுகினால் பிஸ்டன் தலையில் கீறல் விழும்.

360 பாகை எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் என்று மாறி மாறி உறிஞ்சும். ஒரு காபரேற்றர் இரண்டுக்கும் சீராகப் பங்கு வைக்கும். 180 பாகையில் இரண்டு உறிஞ்சலும் அடுத்தடுத்து வந்து, அதன் பின் நீண்ட இடைவெளி விழும். அதனால் ஒரு சிலிண்டர் மற்றதின் பங்கையும் இழுக்கும். ஒரு பிளக் கறுக்கும், மற்றது வெளுக்கும். பெற்றோலை அளந்து விடுகிற சிறு துளைத் துண்டான ஜெட்டில் எந்த அளவைப் போட்டாலும் இரண்டையும் ஒன்றாகத் திருப்திப்படுத்த ஏலாது.

தயாரித்தவர்களே இதற்குச் சாட்சி. ஹொண்டா சீபி 125ரி 180 பாகை, இரண்டு காபரேற்றர். அதே கொள்ளளவுள்ள சீடி 125 360 பாகை, ஒரே காபரேற்றர். ரையம்ப் 650 இல் போனவில் இரண்டு காபரேற்றரோடும், ரீஆர்6 ஒன்றோடும் வந்தன. பிஎஸ்ஏ 650 இல் லைற்னிங் இரண்டு, தண்டர்போல்ட் ஒன்று. ஒத்துவருகிறவற்றில் இவற்றோடு நோர்டன் கொமாண்டோவையும் என்னுடைய எக்ஸ்எஸ் 650 ஐயும் சேருங்கள். ஹொண்டா சீபி 350, சீபி 360, சீபி 450 மூன்றும் 180 பாகை, வேண்டாம். நாலு சிலிண்டர் வண்டிக்குச் செய்து தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்கவே வேண்டாம்.

180 பாகை வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிற இரண்டு காபரேற்றரையும் ஒழுங்காகத் திருத்துவதுதான் வழி. சிலைட் வகை (கேபிள் இழுக்க ஓர் அடைப்பு ஏறி இறங்குகிற வகை) என்றால் ஒரே அளவான இரண்டு துளைக்கம்பியை (ட்ரில் பிற்) இரண்டு சிலைட்டுக்கும் கீழே வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் விடுபடும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். விலையான வெற்றிடமானி இல்லாமலே முக்கால்வாசி வேலை அதில் முடியும்.

3. காபரேற்றரைக் குறைசொல்ல முன்

மிஸ் அடிக்கிற பழைய வண்டியைக் கொண்டுபோனால் எல்லோரும் முதலில் தொடுவது காபரேற்றரைத்தான். பாதிக் குற்றம் வேறு இடத்தில் இருக்கும். வால்வு இடைவெளி, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற பொயின்ற், டைமிங், கொயில், இரண்டு சிலிண்டரின் கொம்பிரசன் (அமுக்கம்) ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். கொம்பிரசன் மானி கிளிநொச்சியில் கார் கராஜ்களில் இருக்கிறது; மரியாதையாகக் கேட்டால் ஒருநாள் தருவார்கள். ஒரு பக்கம் மற்றதைவிட நன்றாக இறங்கியிருந்தால் காபரேற்றர் காசை ரிங்கிலும் வால்விலும் போடுங்கள். பரந்தன் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் ஸ்ராட் பண்ணவிட்டு, சைலன்சர் இரண்டிலும் கையை மாறி மாறிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இடப்பக்கம் பொயின்ற் கருகிக் கிடக்கு. முதல் அதைத் தீர், பிறகு இதைப் பார்ப்பம்." பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகும் தொல்லை நின்றால்தான் இந்த மாற்றத்துக்கு அர்த்தம் உண்டு.

4. எந்தக் காபரேற்றர், எவ்வளவுக்கு

இரண்டை எடுத்துவிட்டு ஒன்று போடும்போது அது இரட்டிப்புப் பெரிதாக இருக்கவேண்டும் என்பது பலருடைய நினைப்பு. மாறி மாறி உறிஞ்சுவதால் அப்படித் தேவையில்லை. 1960களின் கடைசியில் வந்த போனவில்லில், காற்றுப் போகிற துளை 30 மில்லிமீற்றரான அமால் என்ற ஆங்கிலேயக் காபரேற்றர் இரண்டு இருந்தன. ஒற்றைக் காபரேற்றர் ரீஆர்6 இலும் அதே 30தான். கொமாண்டோவுக்கும் எக்ஸ்எஸ் 650 க்கும் உலகெங்கும் பலரும் போடுவது ஜப்பானிய மிகுனி விஎம் 34, அதாவது 34 மில்லிமீற்றர். இருந்ததின் அளவு, அல்லது அதற்கு ஓரிரு மில்லிமீற்றர் மேல் என்று நில்லுங்கள். எக்ஸ்எஸ் 650 இல் முதலில் வந்தவை 38 மில்லிமீற்றர். ஆனால் அவை வெற்றிடத்தால் சிலைட் எழும்புகிற வகை என்பதால் அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது. 34 போதும். அதற்கு மேலே போனால் ஐடிலிலும் (அக்சிலேற்றர் பிடிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) கீழ் வேகத்திலும் தடக்கும். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்கிற எங்கட வீதியில் அது பெரிய உபத்திரவம்.

றோயல் என்பீல்ட் புல்லற் 350 இன் 24 மில்லிமீற்றரைக் கொழுவச் சொல்லி ஒருவர் நிச்சயம் ஆலோசனை தருவார். 200, 250 சீசீ வண்டி என்றால் யோசிக்கலாம். 650 க்கு அது மூச்சுமுட்டும்.

அடுத்த பொறி நகல் காபரேற்றர். வெளிப்பார்வைக்கு விஎம் 34 மாதிரியே இருக்கும், விலை மூன்றிலொன்று, சிலதில் பெயரும் அடித்திருக்கும். பிரச்சினை ஜெட்டில் வரும். அதன் ஜெட் இலக்கங்கள் மிகுனியின் இலக்கத்தோடு ஒத்துப்போகா. 200 என்று அடித்த ஜெட் உண்மையில் என்ன அளவு என்று துளைத்தவருக்கே தெரியாது. அதில் ஜெட் பிடிப்பது இருட்டில் ஊசி கோர்க்கிற வேலை. நான் வாங்கிய நேரம் அசல் விஎம் 34 தபால் செலவும் வரியும் சேர 45,000 ரூபாயைத் தாண்டியது. நோகும். ஆனாலும் அசலையே எடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்களுக்கு மூன்று விசயம். புதிய சாமானாக எடுங்கள்; பாவித்த வாகன உதிரிப்பாகம் என்றால் சுங்கத்தில் கேள்வி கூடும். விலைச்சீட்டைப் பொதிக்கு வெளியேயும் ஒட்டச் சொல்லுங்கள், உண்மை விலையோடு. விலையைக் குறைத்து எழுதிய பொதி பிரிக்கப்பட்டுக் கிடப்பதைவிட வரி கட்டுவது மலிவு. ஜெட்டுகளையும் அதே பொதியிலேயே எடுப்பியுங்கள். மெயின் ஜெட் ஐந்தாறு அளவு, பைலற் ஜெட் இரண்டு மூன்று அளவு வேண்டும். ஒரு தனி ஜெட்டுக்காகப் பிறகு இன்னொரு பொதி வரும்வரை வண்டி கூரைக்குக் கீழே நிற்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ சொந்தக்காரர் இருந்தால், வரும்போது கைப்பையில் கொண்டுவரச் சொல்வதுதான் எங்கட வழமை. காபரேற்றர் புதிதாக, பெற்றோல் மணம் படாததாக இருக்கவேண்டும். ஒருமுறை பூட்டிக் கழற்றியதை விமானத்தில் விடமாட்டார்கள்.

5. மனிபோல்ட்: வேலையின் உயிர் இங்கேதான்

ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) இருக்கிற இரண்டு துவாரத்தையும் ஒரு காபரேற்றரோடு இணைக்கிற இருகவர்க் குழாய்தான் மனிபோல்ட். காபரேற்றர் எவ்வளவு விலையானதாக இருந்தாலும் இது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். கையில் ஐம்பதாயிரம் இருந்தால் பாதியை இதற்கு ஒதுக்கலாம் என்றுகூடச் சொல்வேன்.

உங்கள் வண்டிக்கென்று வார்த்த மனிபோல்ட் வெளிநாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இங்கே செய்விப்பதென்றால் இரண்டு ஆள் தேவை: ஒரு நல்ல லேத் பட்டறை, அலுமினியம் ஒட்டத் தெரிந்த ஒரு வெல்டர். இரண்டாவது ஆளைப் பிடிப்பது கடினம். கேற்றும் கிறிலும் ஒட்டுகிற வெல்டரிடம் கொடுக்காதீர்கள். வவுனியாவில் மினுங்குகிற அலுமினியச் சாமான் செய்கிற இடங்களில் விசாரியுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது வாயால் விளக்காமல் அளவுத் தாளோடு போங்கள். ஹெட்டின் துவார விட்டம், போல்ட் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் தூரம், இரண்டு துவாரத்துக்கும் இடையிலான தூரம், துவாரங்கள் பின்னோக்கிச் சாய்கிற கோணம் எல்லாம் அதில் இருக்கவேண்டும். தடித்த அட்டையை ஹெட்டின் முகத்தில் வைத்து, விளிம்பைச் சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் மெல்லத் தட்டினால் ஓட்டைகளின் அச்சு அப்படியே அட்டையில் விழும். அந்த அட்டையைக் கொடுங்கள்.

பட்டறையில் நீங்கள் அடம்பிடிக்கவேண்டியவை இவை. இரண்டு கவரும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். குழாயின் உள்விட்டம் ஹெட் துவாரத்தோடு ஒத்திருக்கவேண்டும். இடையில் படி விழக்கூடாது. இரண்டும் சேர்கிற இடத்தில் உள்ளே ஒட்டுக் கட்டி துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. மொத்த நீளம் முடிந்தளவு குட்டையாக இருக்கட்டும். நீண்ட குழாயில், எஞ்சின் குளிராக இருக்கும்போது பெற்றோல் சுவரில் படிந்து வழியும். மார்கழிக் காலையில் ஸ்ராட் பிடிக்காமல் கால் நோகும். உட்புறத்தைக் கண்ணாடி மாதிரி மினுக்கத் தேவையில்லை. சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் பெற்றோல் காற்றோடு நன்றாகக் கலக்கும்.

ஒட்டிய சூட்டில் முகத் தட்டு வளையும். அதனால் எட்டுப் பத்து மில்லிமீற்றர் தடிப்பில் தட்டுப் போட்டு, ஒட்டி முடிந்த பிறகு லேத்தில் முகத்தைச் சீவச் சொல்லவேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் செய்யமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பின், தடித்த கண்ணாடியில் எமரித் தாளை ஒட்டி, முகத்தை அதில் எட்டு வடிவமாகத் தேய்த்துப் பாருங்கள். முழு முகமும் ஒரே மாதிரி மங்கினால் மட்டம் சரி. நடுவில் மினுக்கம் எஞ்சினால் அங்கே பள்ளம்.

பூட்டமுன் ஒழுக்குச் சோதனை. ஒரு துவாரத்தில் சைக்கிள் பம் குழாயைப் பொருத்தி, மற்றவற்றை ரப்பர் தட்டு வைத்து இறுக்கி மூடி, மனிபோல்ட்டை வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடியுங்கள். ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவர் பார்ப்பது போலத்தான். ஒட்டின் ஓரமாக ஒரு சிறு குமிழி வந்தாலும் திரும்பக் கொண்டுபோங்கள். "சிலிக்கோன் பூசினாச் சரிவரும்" என்பார்கள். பெற்றோல் பட்டால் சாதாரண சிலிக்கோன் ஊதி இளகும், உதிரும், உதிர்ந்தது உள்ளே போகும்.

எங்கட வெயிலுக்கு இன்னொன்று தேவை. அலுமினியம் ஹெட்டின் சூட்டைக் காபரேற்றருக்குக் கடத்தும். காபரேற்றரின் அடியில் பெற்றோல் நிற்கிற கோப்பையில் அது கொதிக்கும். மத்தியானம் கடையடியில் நிற்பாட்டிப் பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்ராட் பண்ண வராத வண்டிகளுக்கு இதுதான் வியாதி. ஹெட்டுக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையில் பேக்கலைட் தட்டு ஒன்று போடுங்கள். காபரேற்றரை மனிபோல்ட்டில் ரப்பர் கழுத்தால் கொழுவுங்கள். அது சூட்டையும் மறிக்கும், அதிர்வையும் குடிக்கும். எக்ஸ்எஸ் 650 அதிர்கிற அதிர்வுக்குக் காபரேற்றரை இறுகப் பூட்டினால் கோப்பைக்குள் பெற்றோல் நுரைக்கும்.

பட்டறைக் கூலி, அலுமினியம், ஒட்டு எல்லாம் சேர எனக்கு 20,000 ரூபாய்ப் பக்கம் முடிந்தது. காசைவிடக் காலம் முக்கியம். தை முதல் பங்குனி வரை காலபோக அறுவடை, ஆவணி புரட்டாதியில் சிறுபோக அறுவடை. அந்த நேரம் வன்னியில் எந்த லேத் பட்டறையிலும் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும்தான் நிற்கும். உங்கள் இரண்டு துண்டு அலுமினியத்தை மூலையில் போட்டுவிடுவார்கள்; கோபிக்கவும் ஏலாது. வைகாசி, ஆனியில் கொடுங்கள்.

6. கேபிள், ராங்கி, பில்டர்

இரண்டாகப் பிரிகிற பழைய அக்சிலேற்றர் கேபிள் இனி உதவாது. ஒற்றைக் கேபிள் வேண்டும். பூட்டிய பின் எஞ்சினை ஐடிலில் விட்டு ஹாண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். சத்தம் கூடினால் கேபிள் நீளம் போதாது, அல்லது வழி பிழை. பிடியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தளர்வு இருக்கட்டும். கையை விட்டவுடன் சிலைட் டக்கென்று விழுகிற சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் வீதிக்கு எடுக்கவே வேண்டாம்.

எக்ஸ்எஸ் 650 பெற்றோல் ராங்கியில் இரண்டு திறப்பு (பெற்றோலைத் திறந்து மூடுகிற ராப்) உண்டு. ஒன்றை மட்டும் பாவித்தால் மறுபக்கத்துப் பெற்றோல் கடைசியில் பயன்படாமல் கிடக்கும். இரண்டையும் ரீ இணைப்பால் சேருங்கள். பிந்திய மொடல்களில் திறப்பு வெற்றிடத்தால் வேலை செய்யும். பழைய ரப்பர் கழுத்தில் இருந்த சிறு குழாய் இல்லாமல் போனால் பெற்றோல் வராது. கையால் திறக்கிற சாதாரணத் திறப்புக்கு மாற்றிவிடுங்கள். பூட்டமுன் குழாயைப் போத்தலுக்குள் விட்டு, ராங்கி மூடியை மூடியபடி திறந்து பாருங்கள். தாரை அறாமல் வரவேண்டும். முன்பு இரண்டு வழியால் போனது இப்போது ஒரு வழியால் போகிறது.

காற்றை வடிக்கிற பில்டருக்குச் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத்தான் அளவுகோல். சோளகம் பெயர்ந்தால் புதுக்குடியிருப்புப் பக்கக் கிரவல் வீதியில் முன்னால் போகிற ரிப்பர் தெரியாது. கம்பி வலை போட்ட மலிவுக் கூம்பு பில்டர் அந்தச் செம்புழுதியை அப்படியே உள்ளே விடும். ஒரு வருடத்தில் ரிங் போகும். எண்ணெய் தோய்த்த ஸ்பொஞ் பில்டர் போடுங்கள், கோடையில் கிழமைக்கொருக்கால் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ஜெட் பிடிக்கிற வேலை தொடங்கமுன் பில்டர் பூட்டியிருக்கவேண்டும். பில்டர் இல்லாமல் பிடித்த ஜெட், பில்டர் போட்டவுடன் பிழைக்கும்.

7. முதல் ஸ்ராட்

காபரேற்றர் மட்டமாக நிற்கிறதா, கோப்பை சேசியில் முட்டவில்லையா என்று பாருங்கள். காற்று ஸ்குரூவை மெல்ல முழுக்க இறுக்கி, பிறகு ஒன்றரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், தண்ணீர் அல்ல.

ஸ்ராட் பிடித்துச் சூடேறிய பின், விசிறுகிற போத்தலில் தண்ணீர் எடுத்து மனிபோல்ட் மூட்டுகளில் ஒவ்வொன்றாக விசிறுங்கள். விசிறும்போது ஐடில் மாறினால் அந்த மூட்டால் காற்று போகிறது. பெற்றோலோ பிரேக் கழுவுகிற ஸ்பிறேயோ அடித்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு; சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். அக்சிலேற்றரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்றால், அதுவும் காற்று ஒழுக்கு, அல்லது பெற்றோல் போதாது. ஒழுக்குத் தீராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

8. ஜெட் பிடித்தல்

இங்கேதான் பொறுமை போகும். ஜெட் இலக்கத்தை யாரிடமும் கேட்டு அப்படியே போடவேண்டாம். சைலன்சர், பில்டர், எஞ்சின் தேய்மானம் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும்.

அக்சிலேற்றர் பிடியில் வெள்ளை ரேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று பேனையால் கோடு போடுங்கள். எட்டிலொன்று வரை பைலற் ஜெட்டும் காற்று ஸ்குரூவும். அதற்கு மேல் கால்வரை சிலைட்டின் வெட்டு. காலிலிருந்து முக்கால்வரை சிலைட்டில் தொங்குகிற ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் தடக்குகிறதோ அந்தச் சாமானை மட்டும் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் மாற்றவேண்டாம். மாற்றிய இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள்.

பெரிய மெயின் ஜெட்டிலிருந்து தொடங்கிச் சிறிதுக்கு வாருங்கள். பெற்றோல் கூடினால் புகைக்கும், கடகடக்கும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். குறைந்தால் பிஸ்டன் உருகும். புதுப் பிளக் இரண்டைப் பூட்டி, ஆளும் மாடும் இல்லாத நேர் வீதியில், மூன்றாம் கியரில் முழு அக்சிலேற்றரில் கொஞ்சத் தூரம் ஓடி, கிளச்சை அமத்தியபடியே எஞ்சினை நிற்பாட்டி ஓரங்கட்டுங்கள். ஏ9 இல் இதைச் செய்யவேண்டாம். பொலிசுக்கு ஜெட் கதை விளங்காது. பரந்தன் முல்லைத்தீவு வீதியான ஏ35 இலும் காலை நேரம் மாடு படுத்திருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளிர் மண்ணிறம் நல்லது. வெள்ளை என்றால் உடனே ஜெட்டைக் கூட்டுங்கள். கறுப்புப் புகைக்கரி என்றால் ஒரு இலக்கம் குறையுங்கள்.

ஊசியின் கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் ஊசி இறங்கும், பெற்றோல் குறையும். கீழ் வெட்டுக்கு மாற்றினால் கூடும். பலரும் இதைத் தலைகீழாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மிகுனி விஎம் இலும் அமாலிலும் ஐடில் கலவையைத் திருத்துகிற ஸ்குரூ காற்றை அளக்கிறது: தளர்த்தினால் பெற்றோல் விகிதம் குறையும். சில காபரேற்றரில் அது பெற்றோலை அளக்கும், எதிராக வேலை செய்யும். ஸ்குரூ எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோல், பில்டர் பக்கம் இருந்தால் காற்று.

சோக்கை இழுத்தவுடன் ஓட்டம் நன்றாக வந்தால் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். ஒரு பிளக் மட்டும் கறுத்தால் ஜெட்டில் கை வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே ஜெட்தானே. மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய்க் கொயிலையும் பொயின்ற்றையும் பாருங்கள், அல்லது அந்தப் பக்க மனிபோல்ட் மூட்டை.

இந்த வேலையை ஒரே நாளில் முடிக்க முயலவேண்டாம். காலைக் குளிரில் சரியாக நிற்கிற ஜெட் மத்தியான வெக்கையில் சற்றுக் கூடுதலாகத் தெரியும். இரண்டு நேரமும் ஓடிப்பார்த்து நடுவில் நில்லுங்கள்.

9. புகைச் சான்றிதழும் லைசென்சும்

வருடாந்த வருமான லைசென்சுக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். பெற்றோல் மோட்டார் சைக்கிளில் ஐடிலில் வருகிற காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும் பார்ப்பார்கள். ஆகவே அன்றைக்கு முக்கியம் மெயின் ஜெட் அல்ல. பைலற் ஜெட்டும் காற்று ஸ்குரூவும்தான். பரிசோதனைக்குப் போகமுன் குறைந்தது அரைமணி நேரம் ஓடிச் சூடேற்றுங்கள். வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போய்க் குளிர்ந்த எஞ்சினில் அளப்பித்தால் விழும். சிறிய ஸ்குரூட்ரைவரைப் பையில் வைத்திருங்கள். விழுந்தால் காற்று ஸ்குரூவைக் கால் சுற்றுத் தளர்த்தி, திரும்ப ஓடிச் சூடேற்றிக் காட்டலாம்.

லைசென்ஸ் முடிகிற திகதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எல்லா வேலையையும் முடிப்பதாகத் திட்டமிடுங்கள். பொதி சுங்கத்தில் நிற்கும், வெல்டர் வவுனியாவில் கல்யாணவீட்டுக்குப் போவார், அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் தண்டப்பணம். வேலை நடக்கிற நாட்களில் வண்டி ஓடாது என்பதால் வேறு வாகனத்துக்கும் ஒழுங்கு செய்யுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது பழைய லைசென்ஸ், காப்புறுதி, புகைச் சான்றிதழ், சீஆர் பிரதி நாலையும் ஒரே கோவையில் கொண்டுபோங்கள்.

மொத்தச் செலவுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்குங்கள். காபரேற்றரும் ஜெட்டும் அதில் பாதிக்கு மேல் தின்னும். மனிபோல்ட் இன்னொரு பங்கு. மிச்சம் கேபிள், பில்டர், பிளக், கஸ்கட், பட்டறைக்குப் போய்வந்த பெற்றோல், ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்த தேத்தண்ணி.

கழற்றிய இரண்டு காபரேற்றரையும் விற்கவேண்டாம். பெற்றோலை முழுக்க வடித்து, எண்ணெய் தடவி, இரண்டையும் இணைத்தபடியே, பழைய கேபிளோடும் ரப்பர் கழுத்துகளோடும் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். வண்டியை ஒருநாள் விற்க நேர்ந்தால் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். அவை இல்லாவிட்டால் விலையில் கைவைப்பார்.